தூங்கும் குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுக்கச் சொன்னபோது

2023 அக்டோபர் கடைசி வாரத்தில், பத்து மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மான்செஸ்டரிலிருந்து சென்னைக்குத் தனியாக வந்தேன். கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. பாப்பாவுக்கு அது முதல் தீபாவளி. தாம்பரத்தில் அம்மாவும் அப்பாவும் அவளை அதுவரை போனில் மட்டுமே பார்த்திருந்தார்கள். நடுவில் வளைகுடாவில் ஓர் ஊரில் இறங்கி வேறு விமானம் மாற வேண்டும். கிளம்பும் முன் தெரிந்தவர்கள் எல்லோரிடமும் விசாரித்தேன். டயாபர் எத்தனை எடுக்க வேண்டும், காது அடைத்தால் பால் கொடுக்க வேண்டும், பால் பவுடரைச் சோதனையில் எப்படிக் காட்ட வேண்டும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். விமானத்துக்குள் குழந்தையை எப்படிக் கட்டி வைப்பது என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் டிக்கெட் விஷயம். இரண்டு வயது முடியாத குழந்தைக்குத் தனி சீட் வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை, மடியில் வைத்துக்கொள்ளலாம். பெரியவர் கட்டணத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கொடுத்தால் போதும். எனக்கு அது 75 பவுண்டு வந்தது. தனி சீட் வாங்கியிருந்தால் 430 ஆகியிருக்கும். மிச்சம் 355 பவுண்டு, அன்றைய கணக்கில் கிட்டத்தட்ட ₹36,000. "மடியிலதானே இருக்கப் போறா" என்று நானும் அவரும் ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் முடிவு செய்தோம். சுவரில் மாட்டும் தொட்டில் இருக்கும் முன்வரிசையை போன் செய்து கேட்டு வாங்கினேன். அது கிடைத்ததும் பெரிய காரியம் சாதித்த மாதிரி இருந்தது.

அந்த வரிசையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கால் நீட்ட இடம் இருக்கும், ஆனால் முன்னால் சீட் கிடையாது. அதனால் கைப்பையைக் காலடியில் வைக்க விட மாட்டார்கள், எல்லாம் மேலே லாக்கருக்குப் போக வேண்டும். குழந்தைக்கென்று ஒரு சின்ன பெல்ட் கொடுப்பார்கள். அதில் ஒரு வளையம் தைத்திருக்கும். நம் பெல்ட்டை அந்த வளையத்துக்குள் விட்டு மாட்டிக்கொண்டு, சின்ன பெல்ட்டைக் குழந்தையின் இடுப்பில் போட வேண்டும். இரண்டாவது விமானம் மேலே ஏறி, சீட் பெல்ட் விளக்கு அணைந்ததும் அந்த பெல்ட்டைக் கழற்றி டயாபர் பைக்குள் போட்டேன். பை மேலே லாக்கருக்குப் போய்விட்டது. அதாவது, பறக்கும் நேரம் முழுக்க என் குழந்தையைக் கட்டக்கூடிய ஒரே பொருள் என் தலைக்கு மேல், கைக்கு எட்டாத இடத்தில் இருந்தது. பெல்ட்டை எப்போதும் உங்கள் பெல்ட்டிலேயே கோத்து வைத்திருங்கள். கழற்றவே கழற்றாதீர்கள்.

முதல் விமானத்தில் ஏழு மணி நேரம். பாப்பா அரை மணி நேரம்கூடச் சேர்ந்தாற்போல் தூங்கவில்லை. விமானம் மாறும் இடத்தில் நாலு மணி நேரம் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். ஒன்றுக்குப் போகக்கூட அவளோடுதான் போக வேண்டும். சென்னை விமானம் நள்ளிரவுக்குப் பிறகு கிளம்பியது. ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் தூங்கினாள். தொட்டிலில் படுக்க வைத்து, மேலே வலையை மூடி, நான் சீட்டில் சாய்ந்தபோது எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அவ்வளவு களைப்பு. இதை ஒரு சாக்காகச் சொல்லவில்லை. தனியாகக் குழந்தையோடு போகிறவர்கள் இந்த நிலையில்தான் முடிவெடுப்பார்கள், அதனால் முடிவை வீட்டிலேயே எடுத்துவிட்டு விமானம் ஏற வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அவள் தூங்கி இருபது நிமிடம் இருக்கும். டிங் என்று சத்தம் கேட்டு சீட் பெல்ட் விளக்கு எரிந்தது. ஆட்டம் ஒன்றும் இல்லை. விமானப் பணிப்பெண் வந்தார். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும், தமிழ் பேசினார். "மேடம், சைன் போட்டிருக்காங்க. பாப்பாவை எடுத்து மடியில வச்சுக்கோங்க." நான் சொன்னேன், "இப்பதாம்மா தூங்கினா. ஒரு அஞ்சு நிமிஷம் விடுங்க." அவர் மற்ற வரிசைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். இந்தத் தடவை 'மேடம்' போய் 'அக்கா' ஆகிவிட்டது. "அக்கா, ப்ளீஸ். தொட்டில்ல இருக்கக் கூடாது. நானே எடுத்துத் தரேன். அழுதா நான் வந்து பாத்துக்கறேன்." எனக்குக் கோபம் வந்தது. விமானம் ஆடவே இல்லையே, எதற்கு எழுப்ப வேண்டும் என்று கேட்டேன். பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேலாகத் தூங்காத குழந்தை என்றேன். உங்களுக்குக் குழந்தை இருந்தால் தெரியும் என்றும் சொன்னேன். அந்தச் சொல்லை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு கனக்கிறது.

அப்போது ஒலிபெருக்கியில் கேப்டன் குரல் வந்தது. பணியாளர்கள் உடனே உட்கார வேண்டும் என்று ஒரே வரி. எனக்கு அதன் அர்த்தம் அன்றைக்குத் தெரியாது. விளக்கு எரிவது பயணிகளுக்கான எச்சரிக்கை. பணியாளர்களையே உட்காரச் சொன்னால், பெரிதாக ஏதோ வருகிறது என்று பொருள். என் வரிசையைத் தாண்டி இருந்த இன்னொரு பணிப்பெண் கையிலிருந்த காப்பிப் பாத்திரத்தைத் தரையில் வைத்துவிட்டு, பக்கத்தில் காலியாக இருந்த பயணிகள் சீட்டிலேயே உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டார். என் எதிரில் நின்ற பெண் உட்காரவில்லை. என் குழந்தை இன்னும் தொட்டிலில் இருந்தது. அவர் குனிந்து வலையின் ஒரு பக்கத்தைப் பிரித்து, பாப்பாவின் முதுகுக்குக் கீழே ஒரு கையை விட்டார்.

அப்புறம் தரை காணாமல் போனது. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. என் பெல்ட் தொடையில் அறுத்துக்கொண்டு இழுத்தது. பால் பாட்டில் என் முகத்துக்கு நேராக மேலே போனது. அது போவதை நிதானமாகப் பார்த்த மாதிரி ஞாபகம். பாப்பா வலையின் பிரிந்த பக்கமாக எழும்பினாள். அந்தப் பெண்ணின் கை அவள் சட்டையைப் பற்றியிருந்தது. அவர் தலை கூரையில் மோதிய சத்தம் கேட்டது. பிறகு எல்லாம் ஒரேயடியாகக் கீழே வந்தது. பாப்பாவின் தோள் தொட்டில் விளிம்பில் இடித்து, அவள் என் முழங்காலில் வந்து விழுந்தாள். அந்தப் பெண் ஒரு கால் மடங்கியபடி தரையில் விழுந்தார். மொத்தமும் சில நொடிகள்தான். பாப்பா உடனே அழவில்லை. தரையில் கிடந்தபடியே அந்தப் பெண் கேட்டார், "பாப்பா அழறாளா அக்கா? அழுதா நல்லது." பிறகுதான் அழுதாள்.

அந்தப் பெண் பிடித்திராவிட்டால் பாப்பாவும் கூரையில் மோதியிருப்பாள். முதல் தடவை சொன்னபோதே நான் எடுத்திருந்தால் அவர் தன் இடத்தில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருப்பார். என் வாக்குவாதம் இரண்டு நிமிடம்கூட இருக்காது. அந்த இரண்டு நிமிடமும் அவரை நிற்க வைத்தது நான்தான். கணுக்கால் உடைந்திருக்கிறது என்று பிறகு சொன்னார்கள்.

விமானத்தில் இருந்த ஒரு டாக்டர் வந்து பார்த்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், யாருக்காவது உதவும். பாப்பா வாந்தி எடுக்கிறாளா, எழுப்பினாலும் எழாமல் மயங்கிக் கிடக்கிறாளா, ஒரு கையை மட்டும் அசைக்காமல் வைத்திருக்கிறாளா என்று பார்த்துக்கொண்டே இருங்கள் என்றார். ஸ்கேன் எடுக்க மயக்க மருந்து தேவைப்படலாம், அதனால் இறங்கும் வரை பால் கொடுக்க வேண்டாம் என்றார். பசியில் கத்தும் குழந்தைக்குப் பால் கொடுக்காமல் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இடது கையை அவள் தூக்கவே இல்லை. லாக்கரிலிருந்து பையை இறக்கச் சொல்லி, அந்தச் சின்ன பெல்ட்டை எடுத்து, அவளைக் கட்டிக்கொண்டுதான் சென்னையில் இறங்கினேன்.

காலர் போன் என்கிறோமே, அந்த எலும்பில் விரிசல். தலையில் ஒன்றும் இல்லை. இந்த வயதில் அந்த எலும்பு தானாகக் கூடிவிடும் என்று டாக்டர் சொன்னார், மூன்று வாரத்தில் கூடியும் விட்டது. ஸ்கேன், எக்ஸ்ரே, ஒரு இரவு கண்காணிப்பு எல்லாம் சேர்த்து ₹52,000. பிறகு போய்க் காட்டியதற்கு ₹9,000. கணவர் பதறி மறுநாளே கிளம்பி வந்த டிக்கெட் 845 பவுண்டு. என் திரும்பும் தேதியை மாற்ற 160 பவுண்டு. மொத்தம் ஏறக்குறைய ₹1,63,000. மிச்சம் பிடித்தது ₹36,000 என்பதை இங்கே ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள்.

பயண இன்சூரன்ஸ் இருந்தது. எனக்கும் அவருக்கும். பாப்பா பிறப்பதற்கு முன்பே எடுத்த வருடாந்திர பாலிசி, தானாகப் புதுப்பித்துக்கொண்டே வந்தது. அவள் பெயரைச் சேர்க்க எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. ஒரு பைசா வரவில்லை. குழந்தை பிறந்த பிறகு முதல் பயணம் போகிறவர்கள் தயவுசெய்து பாலிசியை எடுத்து, அதில் குழந்தையின் பெயர் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

விமான நிறுவனத்திடம் கேட்கலாம் என்பதே எனக்கு மூன்று வாரம் கழித்து ஒரு வக்கீல் மாமா சொல்லித்தான் தெரிந்தது. மாண்ட்ரியல் உடன்படிக்கை என்று 1999இல் போட்ட ஒன்று இருக்கிறது. இந்தியா, பிரிட்டன் இரண்டுமே அதில் உண்டு. சர்வதேசப் பயணத்தில் விமானத்துக்குள் விபத்து நடந்து உடம்பில் காயம் பட்டால், ஒரு வரம்பு வரை நிறுவனம் 'எங்கள் தப்பு இல்லை' என்று கைகழுவ முடியாது. அந்த வரம்பை எஸ்டிஆர் என்ற சர்வதேசக் கணக்கு அலகில் வைத்திருக்கிறார்கள். நான் பயணம் செய்தபோது 128,821, ஒன்றே கால் கோடி ரூபாய்க்கும் மேல். 2024 டிசம்பர் 28 முதல் அது 151,880. வழக்குப் போடுவதானால் இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஆனால் அதே உடன்படிக்கையின் 20ஆவது பிரிவில், காயம்பட்டவர் பக்கமோ கேட்கிறவர் பக்கமோ கவனக்குறைவு இருந்தால் அந்த அளவுக்கு இழப்பீட்டைக் குறைக்கலாம் என்றும் இருக்கிறது. நிறுவனம் தன் பதிலில் அதைத்தான் எழுதியது: குழந்தையை எடுக்கச் சொல்லி இரண்டு முறை கேட்டிருக்கிறோம். உண்மைதானே. ஏழு மாதம் கடிதப் போக்குவரத்துக்குப் பிறகு ₹30,000 வந்தது. நான் மேற்கொண்டு போராடவில்லை.

இப்படி ஏதாவது நடந்தால் விமானத்திலிருந்து இறங்கும் முன்னாலேயே சிலவற்றைச் செய்துவிடுங்கள். சம்பவம் எழுத்தில் பதிவாகிறதா என்று தலைமைப் பணியாளரிடம் கேளுங்கள். பக்கத்து சீட்காரர் ஒருவரின் போன் நம்பரையாவது வாங்குங்கள். போர்டிங் பாஸைத் தூக்கிப் போடாதீர்கள். விமான நிலைய மருத்துவ மையத்திலேயே காட்டி, நேரம் போட்ட சீட்டு வாங்குங்கள். நான் செய்தது கடைசி ஒன்றை மட்டும்தான். பிற்பாடு கடிதம் எழுதியபோது அந்த ஒரு துண்டுச் சீட்டுதான் கைகொடுத்தது.

ஊரில் இருந்த இரண்டு மாதமும் இதைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன். 1989 ஜூலை 19 அன்று அமெரிக்காவின் சூ சிட்டியில் ஒரு டிசி-10 விமானம் தரையிறங்கும்போது உடைந்தது. 296 பேரில் 112 பேர் இறந்தார்கள். மடியில் வந்த குழந்தைகள் நாலு. அன்றைய நடைமுறைப்படி, அவர்களைத் துணி சுற்றித் தரையில் வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று பெற்றோரிடம் தலைமைப் பணிப்பெண் ஜான் பிரவுன் சொன்னார். அதில் ஒரு குழந்தை பிழைக்கவில்லை. அவர் அதன் பிறகு பல ஆண்டுகள், எல்லாக் குழந்தைக்கும் தனி சீட்டும் கட்டும் வசதியும் வேண்டும் என்று அமெரிக்க அரசிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். சட்டம் வரவில்லை. குழந்தைக்கும் காசு கேட்டால் ஜனங்கள் காரில் போவார்கள், சாலையில் அதைவிட அதிகம் பேர் சாவார்கள் என்பது அரசு சொல்லும் கணக்கு. அந்தக் கணக்கு சரியாகவே இருக்கலாம். ஆனால் மான்செஸ்டரிலிருந்து தாம்பரத்துக்குக் காரில் வருகிறவர் யாரும் இல்லையே.

அந்தச் சின்ன பெல்ட்டும் முழுப் பாதுகாப்பு இல்லை. அமெரிக்காவில் விமானம் தரையில் ஓடும்போதும், ஏறும்போதும், இறங்கும்போதும் அதை அனுமதிப்பதில்லை. மோதலில் பெரியவரின் உடம்பு முன்னால் மடியும்போது குழந்தை நடுவில் நசுங்கும் என்கிறார்கள். மேலே தூக்கிப் போடும் ஆட்டத்துக்கு அது உதவும், தரையில் மோதும் விபத்துக்குப் போதாது என்று நான் புரிந்துகொண்டேன். இன்றைய விமான சீட்டுகளை ஈர்ப்பு விசையைப் போல் 16 மடங்கு விசைக்குச் சோதிக்கிறார்கள். ஒன்பது கிலோ குழந்தையை அந்த விசையில் பிடித்துவைக்க வேண்டுமென்றால் 144 கிலோ. எந்த அம்மாவின் கையும் அதைத் தாங்காது.

கொஞ்சம் முன்னால் ஓடிப் போய் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூர் போன சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் மியான்மருக்கு மேலே இதே மாதிரி ஆட்டத்தில் சிக்கியது, ஒரு பயணி இறந்தார். செய்தியைப் பார்த்து எனக்குக் கை நடுங்கியது. முதற்கட்ட விசாரணை அறிக்கையில் போட்டிருந்த எண்கள்தான் எனக்கு நடந்ததை எனக்கே விளக்கின. 0.6 நொடிக்குள் ஈர்ப்பு விசை நேர் 1.35இலிருந்து எதிர் 1.5க்குப் போயிருக்கிறது. அதாவது ஒரு தடவை கண் சிமிட்டித் திறப்பதற்குள் உட்கார்ந்திருந்தவர்கள் கூரையை நோக்கிப் போக ஆரம்பித்துவிட்டார்கள். அடுத்த நாலு நொடியில் திரும்பக் கீழே. அதன் பிறகு அந்த நிறுவனம், விளக்கு எரியும்போது சாப்பாடு பரிமாறுவதையும் நிறுத்திப் பணியாளர்களும் உட்கார வேண்டும் என்று விதியை இறுக்கியது. சாப்பாடு தாமதம் என்று சிலர் குறைப்பட்டதைக் கேட்டேன். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. விமானத்துக்குள் ஆட்டத்தில் அடிபடுகிறவர்களில் பணியாளர்கள் அதிகம் இருப்பதற்குக் காரணமே, நாம் உட்கார்ந்திருக்கும்போது அவர்கள் நிற்கிறார்கள் என்பதுதான். ஐம்பது சீட்டுக்கு ஒரு பணியாளர் என்று கணக்கு வைத்திருப்பது சாப்பாடு கொடுக்க அல்ல, ஆபத்தில் நம்மை வெளியே அனுப்ப. அவர்களில் ஒருவர் கால் உடைந்து கிடந்தால் நமக்கு ஒரு ஆள் குறைவு.

திரும்பிப் போகும்போது, 2024 ஜனவரியில், பாப்பாவுக்குத் தனி சீட் வாங்கினேன். கார் சீட்டில் கட்டி உட்கார வைக்கலாம் என்று தெரிந்துகொண்டிருந்தேன். ஆனால் எல்லா கார் சீட்டும் ஆகாது. விமானத்தில் இடுப்பு பெல்ட் மட்டும்தான். எங்கள் வீட்டில் இருந்தது ஐசோஃபிக்ஸ் என்று காரிலேயே இருக்கும் கொக்கியில் மாட்டும் வகை, அது விமானத்தில் நிற்காது. வேளச்சேரியில் என் சித்தி மகள் அமெரிக்காவிலிருந்து திரும்பியபோது கொண்டுவந்த சீட் ஒன்று பரணில் கிடந்தது. அதன் பக்கவாட்டில் சிவப்பு எழுத்தில், விமானத்திலும் பயன்படுத்தலாம் என்று சான்று அச்சடித்திருந்தது. அந்த ஒட்டுத்தாள்தான் முக்கியம். அதை போட்டோ எடுத்து, சீட்டின் அகலத்தையும் அளந்து எழுதி, விமான நிறுவனத்துக்கு முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பி, 'சரி' என்ற பதிலை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். வைத்துக்கொண்டது நல்லதாகப் போயிற்று. செக்-இன் கவுண்டரில் இருந்தவருக்கு அப்படி ஒன்று உண்டென்றே தெரியவில்லை, லக்கேஜில் போடச் சொன்னார். நாற்பது நிமிடம் நின்றேன். அந்தத் தாளைக் காட்டியபிறகுதான் மேலதிகாரி வந்து அனுமதித்தார். கேட்கும்போதே ஜன்னலோர சீட்டாகக் கேளுங்கள், அவசரத்தில் மற்றவர்கள் வெளியேறும் வழியை அது அடைக்கக் கூடாது என்பதால் அங்கேதான் வைக்கச் சொல்வார்கள்.

சீட் வாங்கக் கையில் பணம் இல்லாதவர்கள் பலர் இருப்பார்கள், எனக்குத் தெரியும். அவர்கள் குறைந்தது சின்ன பெல்ட்டைக் கழற்றாமல் இருந்தால் போதும். குழந்தைக்கான லைஃப் ஜாக்கெட் தனி, அது எங்கே இருக்கிறது என்று ஏறியதும் கேளுங்கள். ஆக்ஸிஜன் மாஸ்க் விழுந்தால் முதலில் உங்களுக்குத்தான் போட வேண்டும். 35,000 அடியில் காற்றழுத்தம் போனால் தெளிவாக யோசிக்க ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. குழந்தைக்குப் போடும் கை உங்களுடையதுதான். மடியில் குழந்தை இருக்கும்போது சூடான காப்பி, டீ வேண்டாம்.

அந்தப் பெண்ணைத் தொடர்புகொள்ள எவ்வளவோ முயன்றேன். பெயரோ முகவரியோ தர முடியாது என்றார்கள், அது நியாயம்தான். ஒரு கடிதம் எழுதி, அவருக்குச் சேர்த்துவிடுங்கள் என்று நிறுவனத்துக்கு அனுப்பினேன். மன்னிப்பு கேட்டிருந்தேன், பாப்பா சுவரைப் பிடித்து நிற்கும் போட்டோ ஒன்றும் வைத்திருந்தேன். போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது.

திரும்பும் விமானத்தில், ஏறி மூன்று மணி நேரம் இருக்கும், விளக்கு எரிந்தது. பாப்பா கார் சீட்டில், இரண்டு தோளிலும் பட்டையோடு, வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பணிப்பெண் வந்து குனிந்து, பட்டைக்கும் அவள் நெஞ்சுக்கும் நடுவில் இரண்டு விரலை விட்டுப் பார்த்தார். பெல்ட் கொக்கியை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். என் போர்வைக்கு மேலே பெல்ட் தெரிகிறதா என்று பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை, பத்து நொடிகூட ஆகியிருக்காது. நேராகப் போய்த் தன் மடக்கு சீட்டை இறக்கி, உட்கார்ந்து, தோள் பட்டை இரண்டையும் மாட்டிக்கொண்டார். அவர் மாட்டி முடிக்கும் வரை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.